மூன்று நிமிடம் முன்னதாக

காலை மணி ஒன்பது பதினேழு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு விசிலை. வெளுத்த காக்கிச் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்த கிழவர் துண்டின் நுனியால் துடைத்தார். பல் இல்லாத வாயில் உதடுகளால் கவ்விக்கொண்டு ஒரு நீளம், ஒரு குட்டை என்று ஊதினார். ஒன்பது இருபதுக்குக் கிளம்ப வேண்டிய வெள்ளிமலை பஸ் அந்த நொடியே கிளம்பி, வாசலில் திரும்பி, போய்விட்டது.

ஒன்பது பதினெட்டுக்குத் தியாகதுருகம் பஸ் உள்ளே வந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவியைக் கைபிடித்து இறக்கினார். கிழவி போக வேண்டியது வெள்ளிமலைக்கு.

"இப்பதாம்மா போச்சு" என்றார் விசில்காரர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல். "அடுத்தது பதினொண்ணு நாப்பது."

"எப்பப் பாத்தாலும் இப்பதான் போச்சா? அந்த டிரைவருக்கு வூட்ல இன்னா தலபோற வேல?" என்றார் அந்தப் பெண்.

கிழவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். பிறகு கிழவியின் கையிலிருந்த ஒயர் கூடையை வாங்கிக்கொண்டு, கழிப்பறைக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சை நோக்கி நடந்தார். அங்கேதான் எப்போதும் இடம் இருக்கும்.

எங்கள் ஊரில் நேரம் சூரியனால் உண்டாகவில்லை, டயம்கீப்பரால் உண்டானது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. பேருந்து நிலையத்தில் இருபத்தேழு வருடம் நேரக் காப்பாளராக உட்கார்ந்து, ஓய்வு பெற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆன பிறகும், தொண்ணூற்றொரு வயதில் அவர் டயம்கீப்பர்தான். அந்த வேலையில் இப்போது இருந்தவரை ஜனங்கள் "புது ஆளு" என்றார்கள். புது ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

டயம்கீப்பரைப் பற்றிய கதைகளை நான் சரிபார்த்திருக்கிறேன். இரண்டு பேராவது சொன்னதை மட்டும் இங்கே தருகிறேன். தன் கல்யாணத்தில் தாலி கட்டுவது நான்கு நிமிடம் தள்ளிப்போனதற்கு அவர் ஐயரிடம் காரணம் கேட்டார். நாதஸ்வரக்காரர் பயந்துபோய் கெட்டிமேளத்தை இரண்டு தடவை வாசித்தார். பின்னாளில் அவருடைய மேலதிகாரி கழிப்பறையிலிருந்து கையில் செருப்போடு ஓடிவந்துகொண்டிருந்தபோது, அந்த அதிகாரி ஏற வேண்டிய பஸ்ஸை நேரப்படி அனுப்பிவிட்டு, அதே அதிகாரிக்கு சல்யூட் அடித்தார்.

ஆனால் தாமதத்தை அவர் மன்னிப்பார். டயர் வெடிக்கும், மாடு படுக்கும், மழை பெய்யும். அவர் மன்னிக்காத குற்றம் ஒன்றுதான்: நேரத்துக்கு முன்பே கிளம்புவது.

"லேட்டா போனா ஜனம் திட்டும், அவ்ளோதான்" என்பார். "முந்திப் போனா ஜனம் நின்னுடும். கரெக்டா வந்தவன நிக்க வெக்கறது திருட்டு."

ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பிய ஓட்டுநரை அந்தக் காலத்தில் சைக்கிளில் துரத்திப்போய்ச் சங்கராபுரம் சாலையில் பிடித்து, பஸ்ஸைப் பின்னாலேயே வரவைத்து, மறுபடி நேரப்படி அனுப்பினாராம். இதைச் சொன்னவர் அந்த ஓட்டுநரே. எண்பது வயதிலும் அவருக்குக் கோபம் ஆறவில்லை.

அப்படிப்பட்டவர்தான் என் கண்முன்னே வெள்ளிமலை பஸ்ஸை மூன்று நிமிடம் முன்னதாக விரட்டினார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஓர் அறை. நான்கு வரிச் செய்தி ஒன்று கிடைத்தது என்று குறிப்பேட்டை எடுத்தேன். புது ஆள் டீக்கடையில் நின்றிருந்தார். யாரோ பெரியவர் உங்கள் பஸ்ஸை அனுப்பிவிட்டாரே என்றேன்.

"அப்பிடியா சார்?" என்றார், டீயை ஊதியபடி. "ஒண்ணாந்தேதி ஒம்போது பதினஞ்சுக்கு எனக்கு டீ டயம்."

"மற்ற தேதிகளில்?"

"மத்த தேதில ஒம்போதரை."

அந்த நான்கு வரிச் செய்தியை நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒன்றாம் தேதிதோறும் காலையில் அந்தப் பக்கம் போகத் தொடங்கினேன்.

கதை இதுதான். டயம்கீப்பரும் அவர் மனைவி பச்சையம்மாளும் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார்கள். பச்சையம்மாளுக்கு எண்பத்தாறு. கண்ணில் புரை, ஆபரேஷனுக்குச் சர்க்கரை இடம் தரவில்லை. ஆனாலும் சமைத்தார். ஒரு நாள் ரவை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவை எடுத்துவிட்டார். அதில் இருந்தது சோப்புத்தூள். டயம்கீப்பர் அந்த உப்புமாவை ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். "இன்னா, எப்பிடி கீது?" என்று பச்சையம்மாள் கேட்டதற்கு, "நுரை ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார். அதைப் பச்சையம்மாள் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். மூன்று பிள்ளைகள். பெரிய மகன் ஏழுமலை தியாகதுருகத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். சின்ன மகன் மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர் ஓட்டினார். மகள் வெள்ளிமலையில் அங்கன்வாடி வேலை. மூன்றும் சின்ன வீடுகள். வீட்டுக்கு ஒரு கட்டில்தான் போட முடியும். உட்காரும் இடத்தை வட்டமாக அறுத்து, கீழே வாளி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் வீட்டுக்கு ஒன்றுதான் வைக்க முடியும். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது நடக்காது என்பதை வெளிப்படையாகச் சொன்னவர் ஏழுமலையின் மனைவி அஞ்சலை. முதல் நாள் கிழவியைக் கைபிடித்து இறக்கிய பெண் அவர்தான்.

"நா களை எடுக்கப் போனாதான் சோறு" என்றார் அஞ்சலை. "ஒருத்தர எழுப்பி உக்கார வெக்கறதுக்குள்ள இன்னொருத்தருக்கு அவசரம்னா நா யார இட்டுக்கினு போறது? ஒருத்தர்னா பாத்துப்பேன். ரெண்டு பேர்னா ரெண்டு பேரையும் பாக்காம வுட்டுடுவேன்."

மறுக்க முடியாதபடி அது உண்மை. அப்பா மூங்கில்துறைப்பட்டில், அம்மா தியாகதுருகத்தில், மருந்துச் செலவு மகளுடையது, நிரந்தரமாக, என்று முடிவாகும் நேரத்தில் டயம்கீப்பர் எழுந்து நின்றார்.

"பர்மனெண்ட் வேணாம்" என்றார். "ரொட்டேஷன்."

மாதம் ஒரு வீடு. மூன்று வீடு, இரண்டு ஆள். ஒரு வீட்டுக்கு அந்த மாதம் ஓய்வு. கரும்பு உரக் கம்பெனி காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் அங்கேயே அட்டவணை போட்டார். வண்டி ஒன்று: தான். வண்டி இரண்டு: பச்சையம்மாள். வருகை, புறப்பாடு, ஓய்வு. யாருக்கும் பாரபட்சம் இல்லை, அப்பா அப்பாதான் என்று பிள்ளைகள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆம், கையெழுத்து வாங்கினார்.

வயதானவர்களை மாதத்துக்கு ஒரு வீடு என்று மாற்றுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் எல்லோரும் அதைத் தலைவிதி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுந்து நின்று கேட்டு வாங்கியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த அட்டவணையின் ஒரு நகலை அவர் எனக்குக் கொடுத்தார். "பேப்பரு, நீ படிச்சவன், தப்பு இருந்தா சொல்லு" என்றார். என்னை அவர் 'பேப்பரு' என்றே கூப்பிடுவார். அறைக்குப் போய்ப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அட்டவணைப்படி மூன்று ஊருக்கும் போகும் பஸ்கள் கள்ளக்குறிச்சி வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் இரண்டு வண்டிகளும் பேருந்து நிலையத்தில் சந்தித்தே தீர வேண்டும். இரண்டு, பச்சையம்மாள் ஒரு மாதம் இருந்த வீட்டுக்குத்தான் அடுத்த மாதம் டயம்கீப்பர் போவார். அவர் எழுந்துபோன கட்டிலில், அதே நாளில், இவர் படுப்பார். மூன்று வீட்டிலும், பன்னிரண்டு மாதமும்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து மணலூர்பேட்டை வழியாகத் தியாகதுருகத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அட்டவணையின் அடியில், அடிக்கோடிட்டு, 'அந்த ரோடு உபயோகிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பச்சையம்மாள் தியாகதுருகத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் முறை வரும். அன்றுதான் சிக்கல். அவர் பஸ் ஒன்பது பதினெட்டுக்கு வரும், மலை பஸ் ஒன்பது இருபதுக்குப் போகும். இரண்டே நிமிடம். மலை பஸ் முன்னதாகப் போய்விட்டால் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். அந்த விசிலுக்கு அவர் இருபத்தேழு வருடக் கொள்கையை விலையாகக் கொடுத்தார். மற்ற மாதங்களில் வேலை சுலபம். மலை பஸ்ஸை அவரே தவறவிடுவார். அல்லது வந்த பஸ்ஸில் கூட்டம் என்பார். காலி பஸ்ஸாக இருந்தால் குனிந்து சக்கரத்தைப் பார்த்து, "டயர் சரியில்ல" என்பார்.

குற்ற உணர்வு இல்லாமல் இல்லை. ஒன்பது இருபதை நம்பி ஒன்பது பதினெட்டுக்கு வரும் மலைக்காரர்கள் இரண்டு மூன்று பேராவது நின்றுவிடுவார்கள். அவர்களுக்காகக் காக்கிப் பையில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பார். சாமை மூட்டையோடு நின்றுபோன ஒருவர் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டே கேட்டார்: "இன்னா பெருசு, விசிலும் நீயே ஊதற, பிஸ்கோத்தும் நீயே குடுக்கற?"

"மன்னிச்சிக்கப்பா" என்றார் டயம்கீப்பர். "தப்பு என்னுது."

அவர் மன்னிப்புக் கேட்டதை நேரில் பார்த்ததாகச் சொன்னபோது பழைய ஓட்டுநர்கள் யாரும் நம்பவில்லை.

பெஞ்சில் அந்த இரண்டு மணி நேரம் என்ன பேசுவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"பல்லு எங்க?" என்று பச்சையம்மாள் ஆரம்பிப்பார்.

"மூங்கில்துறைப்பட்டுல."

"கண்ணாடி?"

"மலையில."

"உன்ன மட்டும் மறக்காம எட்த்துக்கினு வந்துட்டியா?"

"அது பெட்டில அடங்கல. அதான் கையோட வந்துச்சி."

பச்சையம்மாள் சிரித்தால் முதுகு மட்டும் குலுங்கும், சத்தம் வராது. பிறகு ஒயர் கூடையில் கை விட்டுத் தேங்காய் எண்ணெய் புட்டியை எடுப்பார். அவர் உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ள, டயம்கீப்பர் தலையைக் குனிந்து கொடுப்பார். கண் தெரியாத கை நெற்றியில் ஆரம்பித்து, காதைத் தொட்டு, கன்னத்துக்கு வரும்.

"தொங்கிப் போச்சே. சின்னவன் பொண்டாட்டி சோறு போடறாளா இல்லியா?"

"போடறா. பன்னெண்டரைக்குப் போட வேண்டியது ஒண்ணேகாலுக்குப் போடறா."

"டயத்த துன்னாத. சோத்த துன்னு."

டயம்கீப்பர் ஒவ்வொரு பஸ்ஸாக மனைவிக்குச் சொல்வார். சேலம் பஸ், ஒன்பது முப்பத்தொன்பது, ஏழு நிமிடம் லேட்டு. நைனார்பாளையம் டவுன் பஸ், கண்டக்டர் புதுசு, தலையில் முடி இல்லை. பச்சையம்மாள் சினிமா பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பார். பதினொன்று முப்பத்தைந்துக்கு இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு வார்த்தையும் நான் குறித்துக்கொண்டதில்லை.

தியாகதுருகத்தில் அவருக்கும் மருமகளுக்கும் நடந்த போர் தனி. சோறு தாமதமானால் டயம்கீப்பர் காலண்டர் தாளின் பின்னால் மெமோ எழுதிக் கொடுப்பார். 'இன்று மதிய உணவு இருபத்திரண்டு நிமிடம் தாமதம். விளக்கம் தேவை.' அஞ்சலை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அதே தாளில் பதில் எழுதுவார். 'களை எடுக்கப் போயிருந்தேன். வருந்தவில்லை.' எல்லா மெமோவையும் அடுப்படி ஆணியில் குத்தி வைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது ஒரு கோப்பு அளவுக்குத் தடித்துவிட்டது. ஒரு தாளில் மட்டும் டயம்கீப்பர் எழுதியிருந்தார்: 'இன்று எனக்குக் கழுவிவிட்டபோது முகம் சுளிக்கவில்லை. குறித்துக்கொள்ளப்பட்டது.' அதற்கு அஞ்சலை பதில் எழுதவில்லை.

ஒரு முறை மலைக்குச் செய்திக்காகப் போயிருந்தேன். திரும்பும் வழியில் வெள்ளிமலையில் மகள் வீட்டில் டயம்கீப்பரைப் பார்த்தேன். அந்த மாதம் அவர் முறை அங்கே. கூரையை ஒட்டிப் பனி இறங்கியிருந்தது. சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி, போகிற பஸ்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வேல கம்மி, பேப்பரு" என்றார். "ஒரு நாளைக்கு நாலு வண்டி. மிச்ச நேரம் சும்மாதான்."

உள்ளே அழைத்துப்போய்க் கட்டிலில் தலையணையைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு பவுடர் டப்பா. திறந்தால் நிலக்கடலை வாசனை. பல் இல்லாதவருக்காக, வறுத்த மல்லாட்டையை வெல்லத்தோடு சேர்த்து மாவாக இடித்து, கொட்டைப்பாக்கு அளவில் உருட்டிய உருண்டைகள்.

"போன ஷிப்ட் வெச்சிட்டுப் போனது" என்றார். "மூணு வூட்லயும் வெச்சிட்டுப் போவா. முப்பது. முப்பத்தோரு நாள் மாசம்னா முப்பத்தொண்ணு."

எனக்கு ஒன்று தருவார் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடிவிட்டார்.

விசில் விவகாரம் ஒரு நாள் பிடிபட்டது. அன்று தியாகதுருகம் பஸ் எதையோ முந்திக்கொண்டு ஒன்பது பதினாறுக்கே வந்துவிட்டது. டயம்கீப்பர் அப்போதுதான் விசிலை வாயில் வைத்திருந்தார். ஜன்னல் ஓரத்தில் அஞ்சலை. இருவர் கண்ணும் சந்தித்தன. வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே நிறைய இடம். டயம்கீப்பர் ஊதவும் இல்லை, வாயிலிருந்து எடுக்கவும் இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் விசில் மெலிதாகக் கீச்சிட்டது.

அஞ்சலை மாமியாரை இறக்கினார். விசிலைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். எத்தனை ஒன்றாம் தேதிகள் என்று மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு கீழே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அத்தெ, செருப்பு வாரு கழண்டுகிச்சி. ஆடாம நில்லு."

"கழலலயே."

"உனக்குக் கண்ணு தெரிதா? நில்லு."

வார் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் நாலடி தூரத்தில் இருந்தேன். அஞ்சலை அதைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். ஒன்பது இருபதுக்கு வெள்ளிமலை பஸ், யாரும் விரட்டாமல், தானாகக் கிளம்பிப் போனது. அது வாசலைத் தாண்டிய பிறகு எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மாமா, வாயில இருக்கறத எடுங்க" என்றார். "அடுத்தது பதினொண்ணு நாப்பது. நா டீ குடிச்சிட்டு வரேன்."

அதன் பிறகு அந்த ஒன்றாம் தேதிகளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இப்பதான் போச்சா மாமா?" என்று அஞ்சலையே கேட்பார். "இப்பதாம்மா" என்பார் இவர்.

அடுத்த வருடம் மூங்கில்துறைப்பட்டில் பஸ் படியில் டயம்கீப்பர் வழுக்கி விழுந்தார். முட்டியில் தோல் போனது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். ஏழுமலையின் மகன் தினேஷ் வாடகைக்கு ஓட்டப் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். இனிமேல் கார்தான் என்றார் ஏழுமலை. வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்கலாம். அம்மாவை விடியற்காலையில் மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்பாவை மணலூர்பேட்டை வழியாகக் கூட்டிவந்துவிடலாம். கள்ளக்குறிச்சி கூட்டத்தில் அலைய வேண்டாம். அன்பாகச் சொன்னதுதான்.

டயம்கீப்பர் எதிர்த்துப் பார்த்தார். காரில் வாந்தி வரும் என்றார், தினேஷ் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தான். ட்ரிப் ஷீட் இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்றார், தினேஷ் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டான். கடைசியில் முன் சீட்டில், காக்கிச் சட்டையோடு, கதவைப் பிடித்தபடி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கள்ளக்குறிச்சியில் என்ட்ரி போடாமல் எந்த வண்டியும் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். தினேஷ் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்தில் கார் நின்றது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. புது ஆள் ஓடிவந்தார்.

"இன்னாய்யா இது, காரு கொண்டாந்து இங்க போட்டுக்கினு?"

"ஸ்பெஷல்" என்றார் டயம்கீப்பர், இறங்கியபடி.

மணி ஒன்பது பதினேழு. பச்சையம்மாள் ஏழரைக்கே மலையில் இறங்கிவிட்டதை தினேஷ் அவரிடம் இரண்டு தடவை சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாதி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். பதினொன்று நாற்பது வரைக்கும் எழுந்திருக்கவில்லை. விசிலை எடுக்கவும் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சேலம் வண்டி இன்னிக்கி கரெக்டா வந்துச்சி, பேப்பரு" என்றார். "சொல்றதுக்கு ஆள் இல்ல."

அஞ்சலையிடம் இதைச் சொன்னது தினேஷா, நானா என்பது முக்கியமில்லை. நான்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "ம்" என்றார்.

அடுத்த ஒன்றாம் தேதி காரின் சாவியைக் காணோம். தினேஷ் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினான். எல்லோரும் பஸ்ஸில்தான் போனார்கள். அன்று மாலை சாவி சாமை டப்பாவுக்குள் கிடைத்தது. அதற்கு அடுத்த ஒன்றாம் தேதி காரின் டயரில் காற்று இல்லை. பஞ்சர் கடைக்காரர் வீட்டு வாசலில் நின்ற காரில் காற்று இல்லை. ஏழுமலை டயரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மத்த நாள்ல நல்லாதான ஓடுது?"

"மத்த நாள்ல நல்லா ஓடுது" என்றார் அஞ்சலை. "ஒண்ணாந்தேதியானா அதுக்கு எதனா ஒண்ணு ஆயிடுது. சர்விஸ்க்கு வுடு."

அதிலிருந்து ஒன்றாம் தேதிதோறும் கார் சர்வீஸில் இருந்தது. டயம்கீப்பருக்குத் துணையாகச் சின்ன மகன் கள்ளக்குறிச்சி வரை வந்து, படியிலிருந்து தூக்கி இறக்கிவிட்டுப் போனார். இன்னும் ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. அந்தக் காலத்தில் டயம்கீப்பரின் மெமோக்கள் குறைந்துபோனதாக அஞ்சலை குறைபட்டுக்கொண்டார். சோறு எவ்வளவு தாமதமானாலும் கேட்பதில்லையாம். ஒரு நாள் வேண்டுமென்றே அரை மணி தாமதமாக்கிப் பார்த்தாராம். அப்போதும் தாள் வரவில்லை.

போன மழைக்காலத்தில், மூங்கில்துறைப்பட்டு முறையில், பத்தொன்பதாம் தேதி டயம்கீப்பர் மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். மாலை நாலு ஐம்பத்திரண்டு. சின்ன மகன் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். குறிக்காமல் விட்டால் எழுந்து கேட்டுவிடுவார் என்று பயமாக இருந்ததாம். தியாகதுருகத்திலிருந்து பச்சையம்மாளைக் காரில் அழைத்துப்போனார்கள். மணலூர்பேட்டை வழியாக. முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விட்டார்கள் என்று தினேஷ் சொன்னான். நெற்றியில் ஆரம்பித்து, காதைத் தொட்டு, கன்னம் வரைக்கும் அவர் கை போனதாம். தலையணைக்கு அடியில் தேடி டப்பாவை எடுத்து, விரலால் எண்ணினாராம். பன்னிரண்டு இருந்ததாம்.

காரியங்கள் முடிந்து அவர் தியாகதுருகத்துக்குத் திரும்பினார். மாதம் முடிந்தது. அட்டவணையை யாரும் மாற்றவில்லை.

ஒன்றாம் தேதி காலை நான் பேருந்து நிலையத்தில் இருந்தேன். மணி ஒன்பது பதினைந்து ஆனபோது புது ஆளைப் பார்த்தேன். அவர் டீக்கடைக்குப் போகவில்லை. தன் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பதினேழுக்கு யாரும் விசில் ஊதவில்லை. ஒன்பது பதினெட்டுக்குத் தியாகதுருகம் பஸ் வந்தது. அஞ்சலை மாமியாரைக் கைபிடித்து இறக்கினார். ஒயர் கூடையை நான் வாங்கிக்கொண்டேன்.

"கார் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"சர்விஸ்ல கீது" என்றார் அஞ்சலை.

வெள்ளிமலை பஸ் ஒன்பது இருபதுக்குக் கிளம்பியது. பச்சையம்மாள் அதில் இருந்தார்.